சலாக் முள்

சிபெத்தான், பாலி
புதன்கிழமை

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு, லூ சுகெர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் நம் மகள் காடெக் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் உங்கள் கப்பலுக்குத் திரும்பும் புத்ராவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மழைக்கு முன்னால் தோப்பில் சலாக் பழம் பறிக்கும்போது பனையின் முள் மட்டை எகிறி, பிள்ளையின் இடது கண்ணில் முள் குத்தியது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் நீர் வடிந்து நின்றதும், ஆறிவிட்டது என்று சொன்னேன். ஆறவில்லை. நடன ஆசிரியைதான் முதலில் கவனித்தார். "ஒரு கண்ணை மட்டும் சுருக்குறியே, யாருக்குடி ஜாடை காட்டுறே?" என்று கேலி செய்தாராம். கிட்டப் போய்ப் பார்த்தால் கருவிழி நடுவே நொய்யரிசி மாதிரி ஒரு வெள்ளை.

இங்குள்ள ஆஸ்பத்திரியில், அடிபட்ட கண்ணில் புரை விழும், பள்ளி விடுமுறையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நம்பினேன். பிறகு கண் சிவந்து, வலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொண்டாள். தென்பசார் நகரத்து டாக்டர் சொன்னது வேறு. அது புரையே இல்லை, சீழ். முள் கொண்டுபோன கிருமி கண்ணின் லென்சுக்குள்ளேயே குடியிருக்கிறது. சொட்டு மருந்து லென்சைச் சுற்றியுள்ள உறையைத் தாண்டிப் போகாதாம். அபூர்வமாகத்தான் இப்படி வருமாம், நம் வீட்டைத் தேடி வந்திருக்கிறது. லென்சை உடனே எடுக்க வேண்டும், உறை உடைந்து பரவினால் கண்ணையே எடுக்க நேரும் என்றார்.

உங்கள் அண்ணன் நாள் பார்க்கும் காலண்டரோடு வந்துவிட்டார். "பொல்லாத நாள்ல பிள்ளை மேல கத்தி வைப்பாங்களா? கலுங்கான் பண்டிகை முடியட்டும்" என்றார். "கிருமி நாள் பார்த்துத்தான் தின்னுதா?" என்று கேட்டுவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்கு வருத்தமில்லை, கோபம்தான். நாளைக் காலை ஆபரேஷனுக்கு நானே கையெழுத்துப் போடப் போகிறேன்.

காடெக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "கண்ணு போயிட்டா ஆட்டத்துல என்னை ஓரமா நிறுத்திடுவாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள். 

இது உங்கள் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். போனில் அவள் முகம் எப்படித் தெரிந்தாலும், கண்ணைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். விடுப்பில் வரும்போது எந்த ஆட்டம் ஆடிக் காட்டப்போகிறாய் என்று கேளுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அழுவதென்றால் போனை வைத்தபிறகு அழுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
லூ