திண்டில் இருந்த சூடு

யோஹேயின் அப்பாவுக்கு,

செண்டாய் நகரில் இருக்கும் நம் மகனைப் பார்க்க முதல் ரயிலில் போகிறேன். மிசோ சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக் குடியுங்கள்.

அவன் ஆசையாக வளர்த்த சிறுத்தைப்பல்லியின் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் உள்ள சூடேற்றும் விரிப்பை, மின்சாரம் வீணாகிறது என்று அணைத்துவிடாதீர்கள். வயிறு குளிர்ந்தால் தின்ற புழு செரிக்காமல் உள்ளேயே அழுகிவிடும். வெளியே பனி கொட்டுகிறது.

"வீட்டை விட்டுப் போனவனோட பல்லிக்கு எதுக்கு இவ்வளவு சீராட்டு?" என்று நேற்றும் கத்தினீர்கள்.

இன்று விடியற்காலையில் தொட்டியைப் பார்க்கப் போனேன். அதற்கு எதிரே தரையில் கிடந்த, உட்காரும் திண்டில், யாரோ அப்போதுதான் எழுந்துபோன சூடு இருந்தது. நீங்கள் படுக்கையில் தூங்குவதுபோல் கிடந்தீர்கள்.

சயகோ

பி.கு: "பல்லிய யாரும்மா பாத்துக்கிறாங்க?" என்று கேட்பான். அப்பாதான் என்று சொல்லப்போகிறேன். அது உண்மை இல்லையென்றால், நீங்களே அவனைப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.