தொடாமலே வலித்த பாதம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

வீடு போய்ச் சேர்ந்தாயா? சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வராது. பஸ் ஓட்டுகிறவன் பஸ்ஸில் போய் எங்கே தொலையப் போகிறான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வலி ஆராய்ச்சிக்கு வர வேண்டிய ஆள் கடைசி நேரத்தில் காலை வாரிவிட, கையைப் பிசைந்துகொண்டிருந்த எனக்காக லீவு போட்டு வந்தாய். அரை நாள் அசையாமல் படுத்து, அறுபது இடத்தில் அழுத்தும் கருவியால் குத்து வாங்கினாய். "உங்க தம்பி மாதிரி பத்துப் பேர் கிடைச்சா இந்த வருஷமே வேலை முடிஞ்சிடும்" என்று எங்கள் டாக்டரம்மா சொன்னார். அவர் யாரையும் லேசில் பாராட்ட மாட்டார்.

உன் வலிப்படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறேன். லேசாக அழுத்தினாலே வலிக்கிற இடம் சிவப்பு, நன்றாகத் தாங்குகிற இடம் நீலம். உன் காதுமடல் ரத்தச் சிவப்பு. முதுகோ முழுக்க நீலம், அதில் அழுத்தி அழுத்தி எனக்குத்தான் கை வலித்தது.

வலது பாதத்தை மட்டும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். சனிக்கிழமை வருகிறாயா? சும்மாதான்.

உன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை எனக்கு வண்டி இருக்கிறது. அதற்கடுத்த சனிக்கிழமையும் இருக்கிறது.

நீ "சும்மாதான்" என்று எழுதினால் அது சும்மா இல்லை. போனில் கேட்டால் மழுப்புவாய், அதனால் எழுத்திலேயே கேட்கிறேன். பாதத்தில் என்ன?

நேற்று ஒரு கூத்து. டிப்போவிலிருந்து வந்து ஷூவைக் கழற்றினேன். பாப்பா என் காலைப் பார்த்து வீடே அதிர அலறினாள். வலது உள்ளங்காலில் ஒரு சின்ன ஆணி, சாக்ஸோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. எப்போது குத்தியதென்றே தெரியவில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். உன் படத்தில் அந்த இடத்துக்குக் கூடுதலாக ஒரு பூச்சு நீலம் அடித்துக்கொள்.

தம்பி


மார்ச் 12

தம்பி,

ஆணிக் கதையைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேராகவே சொல்கிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் திரை கட்டியிருந்தேன் அல்லவா? நான் எப்போது, எங்கே அழுத்துகிறேன் என்று உனக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அது. நடுநடுவே தோலைத் தொடாமல் கருவியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மட்டும் இருப்போம். வருகிறவர் நிஜமாகவே உணர்ந்து சொல்கிறாரா என்று பார்க்க அப்படி ஒரு வழக்கம். கையில் அப்படிச் செய்தபோது, "தூங்கிட்டியாக்கா?" என்று கேட்டாய். வலது பாதத்தில் மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் "வலிக்குது" என்றாய்.

நான் தொடவே இல்லையடா.

நிஜமாக அழுத்தியபோதும் அங்கே ஒரே அளவில்தான் "வலிக்குது" என்றாய், கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொல்கிறவன் போல. இடது பாதமும் மங்கல்தான், வலது அளவுக்கு இல்லை. படிவத்தில் சர்க்கரை இல்லை என்று எழுதியிருக்கிறாய். வருகிறவர்கள் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் பார்ப்பேன். தம்பிதானே என்று உன்னை விட்டுவிட்டேன். அது என் தப்பு.

எத்தனை நாளாக இப்படி? பிரேக் மிதிக்கிற கால் அது. நாளைக்கே டாக்டரிடம் போ. டிப்போவில் சொல்லிவிட்டு வண்டியை விட்டு இறங்கு.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். சந்தோஷமா?

அழுத்தும்போது நீ மூச்சைப் பிடிக்கிறாய். சின்ன வயதில் ஊசியில் நூல் கோர்க்கும்போதும் அப்படித்தான் செய்வாய். கால் பக்கம் உன் மூச்சு நின்றதும் மனதுக்குள் ஐந்து எண்ணி, "வலிக்குது" என்றேன். தொடாமலே மூச்சைப் பிடிப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எட்டு மாதமாக இப்படித்தான். சர்க்கரை வந்து மூன்று வருடம். மாத்திரை தலை சுற்றவைத்தது, நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

ஆனால் ஒன்று கேள். பத்தொன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். பிரேக் எங்கே இருக்கிறது என்று என் முழங்காலுக்குத் தெரியும். டிப்போவுக்குப் போனால் சீட்டை விட்டு இறக்கி ஒரு மூலையில் ரெஜிஸ்டரோடு உட்கார வைப்பார்கள். அங்கே போன எவனும் திரும்பி வண்டி ஏறியதில்லை. எனக்கு வேறு என்ன தெரியும் சொல்.

உங்கள் சம்மதக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடும் முன் வரிவரியாக வாசித்துக் காட்டியது நீதான். "இங்க எடுக்கிற எதுவும் இந்த ரூமைத் தாண்டாது" என்றாய். அந்த வார்த்தையைக் காப்பாற்று. பாதத்துக்கு ஏதாவது ஒரு வண்ணம் அடித்துக் கோப்பை மூடு.

தம்பி


மார்ச் 22

தம்பி,

வண்ணம் அடிக்க மாட்டேன். அந்தப் படத்தை நம்பி நாளை யாருக்காவது வைத்தியம் நடக்கும்.

டாக்டரம்மாவிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். கோப்பு வெளியே போகக் கூடாது, போனால் என் வேலையும் போகும், அவர் வேலையும் போகும் என்றார். சரி, கோப்பு போகாது. ஆனால் ஷூவுக்குள் ஆணி குத்தியது தெரியாமல் என் தம்பி பஸ் ஓட்டினான் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. அதை நீ எனக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறாய்.

இது கிடைத்த ஒரு வாரத்துக்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. நீ சொன்னால் உனக்கு மரியாதை. இல்லையென்றால் நான் டிப்போ மேனேஜருக்கு எழுதுவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். உன் பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் தொங்குகிறவர்கள் யாரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

எனக்குத் தூக்கமே வருவதில்லை. உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன், அது உனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 2

தம்பி,

பதில் இல்லை. ஐந்து முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். நான்கே வரி. என் தம்பிக்குச் சர்க்கரை இருக்கிறது, வலது பாதத்தில் உணர்வில்லை, வண்டி ஓட்ட விடும் முன் தயவுசெய்து பரிசோதியுங்கள் என்று எழுதினேன். என் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கீழே "அவனுடைய அக்கா" என்று மட்டும் போட்டேன்.

நான் எழுதியதை மற்றவர்கள் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்காகத்தான் இது.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது வண்டிகள் போகிற வருகிற நேரத்தைக் குறித்துக்கொண்டு கேட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் வண்டியை ஒரு புதுப் பையன் எடுத்துப் போகிறான். அந்த நேரத்தையும் நான்தான் எழுதுகிறேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் உன்னிடம் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால், பள்ளிக்கூட ஸ்டாப்பில் வண்டி நிற்கவில்லை. பிரேக்கை மிதிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் கால் வேறு எங்கோ இருக்கிறது. பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று டிப்போவில் சொன்னேன். மெக்கானிக்கை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். போன திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மெக்கானிக் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதே. உன் குரலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. என் வீட்டுக்காரியும் உன்மேல் கொதித்துப்போய் இருக்கிறாள். "கூடப் பிறந்தவங்களே காட்டிக் கொடுக்கலாமா? கொஞ்சம் பொறுத்திருந்தா நீங்களே போய்ச் சொல்லியிருப்பீங்க" என்று தினமும் சொல்கிறாள். நான் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

நான் சொல்லியிருக்க மாட்டேன் அக்கா.

தம்பி