யாருடைய தூண்டுதலும் இன்றி

அக். 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொள்முதல் நிலையத்தில் எல்லோர் நெல்லும் நனைந்திருக்கும். வாங்க: பிரஷர் மாத்திரை, டார்ச் பாட்டரி.

மாலை டியூஷனில் ‘அர்ஜ்’ (urge) என்ற ஆங்கில வினைச்சொல். லத்தீனிலிருந்து வந்தது. அங்கே பொருள்: அழுத்து, நெருக்கு, தள்ளு. ஆங்கிலத்தில், ஒன்றைச் செய்யும்படி ஒருவரை விடாமல் வலியுறுத்துவது. கேட்பதைவிட அதிகம், கட்டாயத்தைவிடக் குறைவு என்று சொல்லிக் கொடுத்தேன். உதாரணம்: பீடியை விடச் சொல்லி டாக்டர் அப்பாவை ‘அர்ஜ்’ செய்தார். அப்பா விடவில்லை. பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

தம்பி சேவியர் மறுபடி போன். அப்பாவின் வயலில் என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டுமாம்.

“உனக்குத்தான் பென்ஷன் வருதேக்கா. வயல வச்சு நீ என்ன பண்ணப் போற?”

அக். 7, செவ்வாய்

நல்ல வெயில். தம்பி மனைவி ஸ்டெல்லா வந்தாள். தட்டில் பட்டுப்புடவை, ஆப்பிள், மல்லிகை. பங்கை எழுதி வாங்குமுன் அக்கா தங்கைக்குப் புடவை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குப் பிடித்த மாம்பழக் கலர். யாரிடமோ விசாரித்திருக்கிறாள்.

“நீங்க மாட்டேன்னுட்டா அவங்க உடைஞ்சு போயிடுவாங்க அண்ணி. நாளைக்கி உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்கதானே ஓடி வரணும்?”

டீச்சர் வேலையில் இருந்தவரை ‘அர்ஜ்’ஜுக்கு இவ்வளவு நல்ல உதாரண வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்பா கூலிக்கு உழுதவர். சொந்த வயல் வாங்கியதும் பட்டாவை என்னிடம் நீட்டி, உரக்கப் படிக்கச் சொன்னார். அன்று வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும். அந்தப் பட்டாவில் ஓர் ஓரமாக என் பெயர் இருந்தால் போதும் எனக்கு.

ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பூவை எடுத்து என் தலையில் வைத்துவிட்டாள்.

அக். 9, வியாழன்

பதிவு அலுவலகம். தம்பி காரில் முன்சீட். வழியில் இளநீர். “வெயில்ல நிக்காதக்கா.”

பத்திரத்தில் ‘யாருடைய தூண்டுதலும் இன்றி’ என்று முன்பே அடித்து வைத்திருந்தார்கள்.

சார்பதிவாளர் சின்னப் பெண். நிமிர்ந்து பார்த்தாள். “யாராச்சும் வற்புறுத்தினாங்களாம்மா?” உண்மையிலேயே பதிலுக்குக் காத்திருந்தாள்.

என் கைப்பையைப் பிடித்தபடி தம்பி. மாம்பழக் கலரில் நான்.

“இல்லைங்க.”

கையெழுத்து, ரேகை, போட்டோ. திரும்பும்போது தம்பிக்கு உரக்கடையில் வேலையாம். பஸ்ஸில் வந்தேன். நின்றுகொண்டே.

பிள்ளைகளிடம் ‘அர்ஜ்’ஜைத் திருத்திச் சொல்ல வேண்டும். கட்டாயத்தைவிடக் குறைவு இல்லை.

அக். 10, வெள்ளி

மழை. மாத்திரை இன்னும் வாங்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. போனில் சார்ஜ் இருக்கிறது. சிக்னலும் இருக்கிறது.