அசையாத பக்கம்

மார்ச் 4, செவ்வாய்
மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டு ஏழு வாரம். நடப்பதில் குறையில்லை. கணினியைத் திறந்தால்தான் தலை சுற்றுகிறது. பக்கத்தை உருட்டினால் வயிற்றைப் புரட்டுகிறது; ஓரத்தில் விளம்பரம் துள்ளினால் கட்டிலுக்கு ஓட வேண்டியதுதான். பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவளுக்கு இது போதாதா? “மெதுவா வாங்க” என்கிறார் மேலாளர். எவ்வளவு மெதுவாக?

மார்ச் 6
மருத்துவமனைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் என் கணவர், இன்று என் கணினியில் ஏதோ ஏற்றினார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது.

“எழுத்து மட்டும் காட்டுற பிரவுசர். உருட்டவே வேண்டாம். ஸ்பேஸ் தட்டினா அடுத்த பக்கம் வந்து நிக்கும்.”

தமிழ் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை மாற்றினார். மின்கட்டண ரசீது மாதிரி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எழுந்து போனார்.

மார்ச் 9
ஒரு செய்தியைப் படிக்க நாற்பத்து மூன்று இணைப்புகளைத் தாண்ட வேண்டும். வங்கிப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்றது. ஆனால் — இருபது நிமிடம் படித்தேன். தலை சுற்றவில்லை. அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 15
தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள். படங்களை ஒரு பக்கத்தில் போட்டிருக்கிறாள். ஆசையாகத் திறந்தேன். படம். படம். படம். பதினோரு தடவை அந்த ஒரே சொல். பழைய உலாவியில் போனால் படங்கள் தாமாக நகர்கின்றன. முகம் தெரியுமுன்னே வாந்தி.

“பிரிண்ட் எடுத்துத் தரட்டுமா?” என்றார். கத்திவிட்டேன். ஊரே பாக்குது, நான் மட்டும் நோயாளி மாதிரி காகிதத்துல பாக்கணுமா?

மார்ச் 17
பின்கட்டில் இவர் என் தங்கையோடு போனில் குசுகுசு. “என்னவாம்?” “ஒண்ணுமில்ல, பாஸ்வேர்டு.”

மார்ச் 19
கறுப்புத் திரையில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். ‘படம்’ என்றிருந்த இடத்திலெல்லாம் ஒரு வரி!

“தூங்குகிறாள். இடது கை மட்டும் போர்வைக்கு வெளியே, யாரையோ நிறுத்தச் சொல்வதுபோல.”

“கொட்டாவி. முகம் முழுக்க வாய்.”

“மூக்கு உன்னுடையது. பாவம் குழந்தை.”

தங்கையைக் கூப்பிட்டேன். “நான் இல்லக்கா. அத்தான்தான் ரெண்டு நாளா ஒவ்வொரு படமா உத்துப் பாத்து எழுதினாரு.”

பத்து வருடத்தில் இவர் எனக்கு எழுதியதெல்லாம் கடைப் பட்டியல்தான்.

மார்ச் 20
பத்துப் படத்துக்கு ஒன்பது பிழை. பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்தினேன்.

“உனக்கு இரக்கமே இல்லையா?”

“மூணு சுழி போட்டா அது கன்னமா?”

முக்கால் மணி நேரம். சிரித்துச் சிரித்து விலாதான் வலித்தது.

மார்ச் 25
எழுத்தாக மட்டும் அனுப்புங்கள் என்று மேலாளரிடம் கேட்டிருந்தேன். இரண்டு அத்தியாயம் வந்தது. முடித்து அனுப்பிவிட்டேன்.

பதினோராவது படத்தை, திருத்திய அன்று, வேண்டுமென்றே தாண்டினேன். நான் விழுவதற்கு முன் கடைசியாகத் தங்கை வீட்டுக்குப் போனபோது அவளையும் என்னையும் இவர் எடுத்தது. கீழே இப்படி எழுதியிருக்கிறார்: “வலப்பக்கம் சிறிப்பவள் என் மனைவி. இவளையே பார்த்து எடுத்ததில் தங்கை மங்கலாகிவிட்டாள். மண்ணிக்கவும்.”

இரண்டு பிழை. திருத்தவில்லை.