திரை நிறைய உன் பெயர்

அன்பு மகளே,

சுரங்கத்தை மூடிய பிறகு, நம்மூர் பெட்ரோஷானி நூலகத்தில், வேலையிழந்த எங்களுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதச் சொல்லித் தருகிறார்கள். நானும் போகிறேன். இதையே படிக்கணும் என்று நீ கேட்டபோது நான் பேசியதெல்லாம் எனக்கு மறக்கவில்லை.

நேற்று, ஒரு பெயரைத் திரும்பத் திரும்பத் திரையில் வரவைக்கும் பாடம். இலிங்கா என்று எழுதினேன். திரை நிறைந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது.

"எப்ப நிறுத்தணும்னு நீங்க அதுக்குச் சொல்லவே இல்லையே சார்," என்றாள் ஆசிரியை கொரினா.

"யாருய்யா அது, இந்த வயசுல?" என்று கண்ணடித்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பிலியு.

"என் பொண்ணு," என்றேன். நீ வீட்டை விட்டுப் போன பிறகு, இந்த ஏழு வருடமாக, எனக்குப் பிள்ளையே இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

கொரினா நிறுத்தும் விசையைக் காட்டினாள். அதை அழுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா