ஒற்றைக் கல்லில் அளந்த வீடு

ஏலே,

ஓடை நாறவில்லை. இதை உனக்கு முதலில் சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இன்று காலை மூன்றாவது மைல் பக்கம் புது நடைபாதையில் கால் வைத்ததும், பழக்க தோஷத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். எதிரே நடந்து வந்த ஒரு பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். மெல்ல எடுத்துப் பார்த்தேன். ஈரமண் வாசம் மட்டும்தான் வந்தது. அங்கேயே நின்று உன்னை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

"ஓடை நாறாம இருக்க அன்னைக்கு, மேலருந்து கடல் வரைக்கும் ஒரு நாள் பூரா நடப்போம்லே. பாலத்துக்குப் பாலம் ஒரு டீ" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். துறைமுகத்தில் கிரேனுக்குள் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவனுக்கு நடை என்றால் அவ்வளவு ஆசை. பாதை போட்டு முடிப்பதற்குள், போன தவக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். சரி, நானாவது நடப்போம் என்று கிளம்பினேன்.

முதல் பாலத்தில் ஒரு டீ. அடுத்ததில் ஒன்று. மூன்றாவதில் கடைக்கார அண்ணாச்சி, "சுகர் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "பெறவு டீயக் குடிச்சிக்கிட்டு எதுக்கு நடக்கிய?" என்றார். நீ இருந்திருந்தால் அவருக்குச் சுடச்சுட ஒரு பதில் கொடுத்திருப்பாய். நான் கிளாசை வைத்துவிட்டு நடந்தேன்.

கரை நெடுக பெஞ்சு போட்டிருக்கிறார்கள், வேப்பங்கன்று நட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் வீட்டுப் பின்புறம் நெருங்க நெருங்க எனக்கு நடை மெதுவாகிவிட்டது. ஏனென்று உனக்குத் தெரியும்.

ஓடைக்கரையை மீட்க அளவெடுத்த ஒப்பந்தக்காரரிடம் அப்போது நான்தான் சர்வேயர். கரையில் நட்டிருந்த எல்லைக் கல்லிலிருந்து வீட்டுப் பக்கமாகப் பதினைந்து அடி ஓடைக்குச் சொந்தம். அதற்குள் எது நின்றாலும் சிவப்புக் கோடு, இடிப்பு. உன் வீட்டு முறை வந்தபோது தெருவே கூடிவிட்டது. சர்வேயரும் வீட்டுக்காரனும் கூட்டாளிகள் என்று தெரியாதவர் யார்? அளவு நாடாவின் நுனியைக் கல்லில் நீயேதான் பிடித்தாய். கோடு உன் குசினிக்குள் நாலடி போய் விழுந்தது. அடுப்பும் அம்மியும் இருந்த இடம் மொத்தமும் ஓடைக்கு என்று ஆகிவிட்டது.

"ஏலே, இந்தக் கல்லு..." என்று ஆரம்பித்தாய்.

"பேசாத! கூட்டாளின்னு பாக்க மாட்டேன். அளவுன்னா அளவுதான்" என்று கத்தினேன். தெரு முழுக்கக் கேட்க வேண்டும் என்றுதான் கத்தினேன். நீ வாயை மூடிக்கொண்டாய். கெஞ்ச வந்தவன், வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டான் என்று நினைத்தேன்.

குசினியை இடித்தார்கள். அடுப்பு முன்னறைக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாய். தாளிக்கிற நெடியில் நான் இருமியபோது, "பெரிய ஓட்டல்லாம் இப்படித்தாம்லே, கண்ணு முன்னாலயே சமைப்பான்" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு! நானோ கல்யாண வீடு, துட்டி வீடு என்று பாராமல், உயிர்க்கூட்டாளி வீட்டுக்கே கோடு போட்டவன் நான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் முன்னாலேயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! நீ மீன்முள்ளை எடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாய்.

இன்று உச்சிவெயிலில் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி பின்வாசலில் ஒரு கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லின் பக்கவாட்டில் செதுக்கிய குறியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"தங்கச்சி, இது எல்லைக்கல்லுல்லா? இதுலயா தொவைக்க?"

"பாத போட்டவங்க புடுங்கிப் போட்டுட்டாவ அண்ணாச்சி. பழகுன கல்லாச்சேன்னு ஆள வச்சி உருட்டியாந்தேன். எத்தன வருசமா இதுலதான தொவைக்கேன். முன்ன தண்ணி ஓரத்துல நின்னுச்சி. சாக்கட ஏறுனதும் அங்கன நிக்க முடியல. ஒங்க கூட்டாளிகிட்டச் சொன்னேன், கடப்பாறயப் போட்டு நெம்பி, ஒரு ஆள் நீளம் இங்கன தள்ளி நட்டுக் குடுத்தாவ."

"எப்போ?"

"நீங்க அளக்க வாரதுக்கு ரொம்ப முந்தி."

மனதுக்குள் மறுபடியும் அளந்து பார்த்தேன். கல் ஒரு ஆள் நீளம் தள்ளி நின்றது என்றால், கோடும் ஒரு ஆள் நீளம் தள்ளித்தான் விழுந்திருக்கிறது. உன் குசினி ஓடை நிலத்தில் நிற்கவே இல்லை. நீ கெஞ்ச வரவில்லை, அது நகர்த்தி நட்ட கல் என்று சொல்ல வந்திருக்கிறாய்.

ஒற்றைக் கல்லை நம்பக்கூடாது, அடுத்த கல்லிலிருந்தும் அளந்து சரிபார்க்க வேண்டும். என் தொழிலில் முதல் பாடமே அதுதான். உன் தெருவில் மற்ற எல்லா வீட்டையும் அப்படித்தான் அளந்தேன். உன் வீட்டுக்கு மட்டும் ஒரு கல்லோடு நாடாவைச் சுருட்டிவிட்டேன். இரண்டாம் தடவை அளந்தால், கூட்டாளிக்காக வழி தேடுகிறான் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம். எனக்கு ஆகாதவன் வீடாக இருந்தால்கூட ஒழுங்காக அளந்திருப்பேன்.

"யாரும் ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். குரல் எனக்கே சகிக்கவில்லை.

"மறுநாளே சொல்லுங்கன்னேன். 'எல்லாரு முன்னாலயும் அளவுன்னா அளவுதான்னுட்டான். இப்பப் போயி தப்புன்னா அவன் பேரும் போயிரும், வேலயும் போயிரும். குசினிதான ஏளா, எங்கன வச்சாலும் சோறு வேகும்'னுட்டாவ."

உன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. படுபாவி, ஒரு வார்த்தை! ஊரெல்லாம் நான் பீற்றிக்கொண்டு திரிந்தபோதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கோபம் தீர்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

"தப்பு என்னுது தங்கச்சி" என்றேன்.

"தெரியும்" என்றாள், துணியைப் பிழிந்தபடியே. "கொஞ்ச நாளு ஒங்களுக்குச் சோறு போட எனக்கு மனசே வரல அண்ணாச்சி. அவிய மொகத்துக்காகத்தான் போட்டேன்."

அவள் அதைச் சொல்லிவிட்டது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. கிளம்பும்போது, "அவிய இல்லன்னு வராம இருந்துராதிய. ஞாயித்துக்கிழம வாங்க" என்றாள். இது யார் முகத்துக்காக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மிச்சத் தூரத்தையும் நடந்தேன், நீ கேட்டது அதுதானே. திரேஸ்புரத்தில் ஓடை கடலில் சேர்கிற இடத்தில் வெயில் சாயும் வரை உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. டீ குடிக்கத் தோன்றவில்லை.

நேர்மையானவன் என்று ஊரில் எனக்கு இருக்கிற பேர், நீ வாயைத் திறக்காமல் இருந்ததால் கிடைத்த பேர். அதை இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போவேன். இத்தனை காலமும் அந்த முன்னறையில் உன் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். இனி அந்த அடுப்பை அங்கே கொண்டுவந்து வைத்தவனாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.