ஐம்பது, முப்பது, இருபது

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் ஏணியைப் பார்த்தாலே முறுக்கிக்கொள்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். வாடகையே சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது, கணக்கு உதைக்கிறது, அதனால் சாயங்காலக் கட்டட வரைபட வகுப்பை நிறுத்தப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து உங்கம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதனால்தான் பிரஷ்ஷை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

நீ சொல்லிக்கொடுத்த கணக்கைச் சும்மா சொல்லக்கூடாது. நூற்றுக்கு ஐம்பது அவசியத்துக்கு, முப்பது ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு என்று நீ சொன்னபோது, பெயிண்டருக்கு ஏது மாதச் சம்பளம் என்று நான் கிண்டல் செய்தேன். உங்கம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவை நடந்த கூத்தை உன்னிடம் சொல்லவில்லை. பல் டாக்டரம்மா வீட்டு வேலைக்கு வாங்கின அட்வான்ஸை, பெயிண்ட் வாங்கும் பணமும் அதில்தான் இருக்கிறது என்று யோசிக்காமல் அப்படியே மூன்றாகப் பிரித்துவிட்டாள். ஆசைப் பங்கில் நம் வீட்டுக்குப் புது மின்விசிறி வந்தது, டாக்டரம்மா ஹாலில் பாதிச் சுவரோடு பெயிண்ட் தீர்ந்தது. இதுதான் புது ஃபேஷனா என்று அவர் கேட்டார், ஆமாம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. வேறு யாராவது என்றால் அந்தக் கணக்கையே தலைமுழுகியிருப்பார்கள். உங்கம்மா பெயிண்டையும் ஆள் கூலியையும் முதலில் கழித்துவிட்டு மீதியைப் பிரிக்க ஆரம்பித்தாள். வேலை நிறைந்த மாதத்தில் சேமிப்பை நாற்பதாக ஏற்றினாள், மழை மாதத்தில் சேமிப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். இந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு நான் வீட்டில் முடங்கிக் கிடந்தபோதும் மளிகைக் கடைக்காரர் கண்ணில் படாமல் தெரு மாறிப் போக வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. உங்கள் இரண்டு பேரையும் நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் அந்த எண்களை அவள் நம் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டாள், நீ அப்படிச் செய்யாமல் வகுப்பை விடப் பார்க்கிறாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ அனுப்பிய செலவுக் கணக்கைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். வகுப்பை ஆசையில் போட்டிருக்கிறாய். பிடித்துப் படிக்கிறாய் என்பதற்காக அது ஆசையாகிவிடுமா, பில் போடும் கவுண்டரை விட்டு நீ எழுந்து போக அது ஒன்றுதானே வழி. அவசியத்தில் வாடகை, சாப்பாடு, பஸ், அதற்குக் கீழே அப்பா அம்மா என்று எழுதியிருந்தாய். உங்கம்மா அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம பேர எடுத்துட்டு அந்த இடத்துல வகுப்ப எழுதச் சொல்லுங்க" என்றாள்.

அதனால் இனிமேல் எங்களுக்குப் பணம் அனுப்பாதே, அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவாள், உனக்குத்தான் அவளைத் தெரியுமே. வெள்ளிக்கிழமைக்குள் வகுப்புக் கட்டணத்தை மறக்காமல் கட்டிவிடு. நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணே.

இப்படிக்கு,
உன் பட்டியலில் இல்லாவிட்டாலும் என்றும் உன்
அப்பா, அம்மா